அலைன்மென்டுக்கு முன்னால் ஆட்டத்தைப் பாருங்கள்

கார் ஒரு பக்கமாக இழுத்தாலும் சரி, ஸ்டீயரிங் உதறினாலும் சரி, முன்பக்கம் லொடலொடவென்று சத்தம் வந்தாலும் சரி, நம் ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: “அலைன்மென்ட் பண்ணிடுங்க.” டயர் கடைக்குப் போகிறோம், பணம் கட்டுகிறோம், இரண்டு வாரத்தில் பழையபடி இழுக்கிறது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று அளந்து வைக்கும் வேலை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டே ஆடிக்கொண்டிருந்தால், வைத்த அளவு அடுத்த வேகத்தடையைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். இந்த வரிசை தலைகீழாகும்போதெல்லாம் வண்டிக்காரரின் பணம்தான் வீணாகிறது.

ஆட்டத்தைத் தேட, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். இதற்கு மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த இந்த அமைப்பு, 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்தது. இந்தியாவில் 1983இல் வந்த மாருதி 800இன் முன்பக்கமும் இதுவே. பாகங்கள் குறைவு, செலவு குறைவு, இன்ஜினுக்கு இடமும் மிச்சம். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

அந்தத் தூணின் மேல்முனை பானெட்டுக்கு அடியில், பாடியோடு ஒரு ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தூண் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதால் அங்கே ஒரு சின்ன பேரிங்கும் உண்டு. கீழ்முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்பு வார்ப்போடு போல்ட் போட்டு இணைந்திருக்கும். நக்கிளின் அடிப்பகுதியை லோயர் ஆர்ம் பிடித்திருக்கும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே பால் ஜாயின்ட், ஆர்முக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே இரண்டு ரப்பர் புஷ்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு வளைந்த கம்பி இணைக்கும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் முனைகளை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் குட்டைக் கம்பிகள் லிங்க் ராடுகள். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் தண்டு, ரேக் என்ற பல்வரிசைக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். ரேக்கின் இரு முனைகளிலும் ரேக் எண்ட், அதற்கு வெளியே டை ராட் எண்ட், அங்கிருந்து நக்கிள்.

இத்தனை மூட்டுகளிலும் முதலில் களைத்துப்போவது ரப்பர்தான். முழங்காலில் ஜவ்வு தேய்ந்ததும் எலும்பு உரசுவதைப் போல, புஷ்ஷில் ரப்பர் கிழிந்ததும் இரும்பு இரும்பைத் தொடுகிறது. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லிங்க் ராட் மூன்றும் உள்ளே கிரீஸ் அடைத்து, மேலே ரப்பர் உறை போட்டவை. உறை கிழிந்தால் மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். கிழிந்த உறையைப் பார்த்த அன்று மூட்டில் ஆட்டம் இல்லாமல் இருக்கலாம். சில மாதங்களில் கட்டாயம் வரும்.

சத்தத்தை விவரிக்கத் தெரிய வேண்டும்

பட்டறையில் பெரும்பாலும் நடக்கும் உரையாடல் இது: “அண்ணே, முன்னாடி ஏதோ சத்தம் வருது.” “எப்ப சார் வருது?” “எப்பவும்தான்.” இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த வேகத்தில், எந்த மாதிரிச் சாலையில், பிரேக் பிடித்தாலா, திருப்பினாலா, இடமா வலமா என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் ‘டொக் டொக்’ என்று வருகிறது, பெரிய வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அவ்வளவாக இல்லை என்றால், முதல் சந்தேகம் லிங்க் ராடுகள் மேல். இரண்டு சக்கரமும் சமமாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பாருக்கு வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதுதான் அது முறுக்கப்படுகிறது, தேய்ந்த முனை தட்டுகிறது. நல்ல மெக்கானிக்குகள் இதை உறுதிசெய்ய லிங்க் ராடுகளைக் கழற்றிவிட்டு, பட்டறையைச் சுற்றி மெதுவாக ஒரு நடை ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. சில நூறு ரூபாயில் தீரும் வேலை இது. இதே சத்தத்தைக் கேட்டுவிட்டு, “ரேக் போயிடுச்சு, அசெம்பிளியே மாத்தணும்” என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போடும் இடங்களும் உண்டு. ரேக் தேயாது என்று சொல்லவில்லை; லிங்க் ராடையும் டை ராட் எண்டையும் சோதித்து, அவை நன்றாக இருக்கின்றன என்று கண்ணால் காட்டிய பிறகே ரேக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போதோ, கியர் போட்டு நகர்த்தும்போதோ ஒரே ஒரு ‘டொம்’ கேட்டால் அது லோயர் ஆர்ம் புஷ்ஷாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து சட்டத்தில் இடிக்கிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால், மேலே உள்ள ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகிப்போயிருக்கிறது. ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கேறி, பிறகு விடுபடுகிறது. பானெட்டைத் திறந்து மவுண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் அந்தத் துள்ளல் கைக்கே தெரியும்.

முழுக்கத் திருப்பி நகரும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து வரும் சத்தம் சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டதே அல்ல. அது ஆக்சிலின் வெளிப்பக்க மூட்டு. உறை கிழிந்து சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும்.

வேகம் கூடக் கூட ‘ஊ’ என்று கூடும் இரைச்சல் வீல் பேரிங்காகவும் இருக்கலாம், ஒழுங்கின்றித் தேய்ந்த டயராகவும் இருக்கலாம். காலியான, நேரான சாலையில் மிதமான வேகத்தில் வண்டியை மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்க பேரிங். எந்தப் பக்கம் வளைத்தாலும் இரைச்சல் மாறவில்லை என்றால் டயரைப் பாருங்கள்.

இழுப்பதும் உதறுவதும்

வண்டி இழுக்கிறது என்றால் முதலில் காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு பிஎஸ்ஐ என்று இருக்கும். நான்கு டயரையும் ஓட்டுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போதே அந்த அளவுக்கு வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாம் கையை விட்டால் வண்டி லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்புதான். அதற்கு மேல் இழுத்தால் முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. (அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் உருள வேண்டிய டயர்களை இப்படி மாற்றக் கூடாது.) மாறவில்லை என்றால், பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கையால் தொடாமல் சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் கேலிபர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இவை எதுவும் இல்லை என்றால்தான் புஷ்ஷும் அலைன்மென்டும்.

உதறலில் ஒரு பெரிய பிரிவினை உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித் தொடங்கி, இன்னும் வேகமாகப் போனால் குறைந்துவிடும் உதறல் பெரும்பாலும் வீல் பேலன்ஸிங். பேலன்ஸிங்கும் அலைன்மென்டும் ஒன்றல்ல. முன்னது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்க ஈயத்துண்டு ஒட்டும் வேலை. ரிம் வளைந்திருந்தாலும் இதே உதறல் வரும், அதை எத்தனை ஈயத்துண்டு ஒட்டினாலும் சரிசெய்ய முடியாது. பேலன்ஸிங் இயந்திரத்தில் சக்கரம் சுற்றும்போது பக்கத்திலேயே நின்று விளிம்பைப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். பிரேக்கை மிதித்தால் மட்டும் உதறுகிறது என்றால் சக்கரத்தை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

ஸ்டீயரிங் கனமாகிவிட்டால் அதற்கும் முதல் கேள்வி காற்றுதான். அதற்கடுத்து மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலே அந்த விளக்கு வரக்கூடும், ஆகவே மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். குறுகிய இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிங் செய்தால் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும், அது பழுதல்ல. பழைய ஹைட்ராலிக் வகையில் ஆயில் அளவு குறைந்திருந்தால் திருப்பும்போது முனகும். அந்த வகையில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்து வைத்திருப்பது பம்புக்குக் கேடு. உதவி முழுவதும் நின்றுபோனாலும் ஸ்டீயரிங் வேலை செய்யும், கைக்குப் பாரமாக இருக்கும், அவ்வளவுதான். பதற வேண்டாம்.

திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகவில்லை என்றால் அலட்சியம் கூடாது. மேலே சொன்ன ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கோ, கிரீஸ் காய்ந்த பால் ஜாயின்டோ, தண்டின் நடுவே உள்ள மூட்டோ துருப்பிடித்து இறுகியிருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படிப்பட்ட வண்டியை இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது. கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டும். இப்போது டயரின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும், அதாவது கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில், பிடித்து அசைத்துப் பாருங்கள். ‘கடக்’ என்ற ஆட்டம் தெரிந்தால் அது டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். பிறகு மேலும் கீழும், 12, 6 இருக்கும் இடங்களில். அங்கே ஆட்டம் என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எது என்று பிரிக்க, ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட்.

டை ராட் எண்டுக்கு இன்னும் துல்லியமான சோதனை ஒன்று இருக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை மட்டும் இடமும் வலமும் விடாமல் ஆட்ட வேண்டும். வெளியே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, மூட்டைச் சுற்றி விரல்களை வைத்துப் பிடித்திருக்க வேண்டும். நல்ல மூட்டில் கம்பியும் நக்கிளும் ஒன்றாகவே நகரும். தேய்ந்த மூட்டில் கம்பி முதலில் நகர்ந்து, ஒரு நொடிப்பொழுது கழித்து நக்கிள் பின்தொடரும். அந்தச் சின்ன இடைவெளி விரல்நுனியில் ஒரு தட்டலாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட இப்படிச் சிக்கிவிடும்.

ஷாக் அப்சார்பருக்கு எல்லோரும் செய்வது, பானெட்டின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது. ஒருமுறை எழும்பி அமர்ந்துவிட்டால் நல்லது என்பார்கள். முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அரைகுறையாகத் தேய்ந்தது தப்பிவிடும். ஆகவே ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் படலம் பரவாயில்லை, ஆனால் எண்ணெய் வழிந்து அதில் மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாகக் கவிழ்வதும், வேகத்தடை தாண்டிய பிறகும் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருப்பதும் ஷாக் தேய்ந்ததையே சொல்கின்றன.

டயரைத் தடவிப் பார்த்தாலே நிறையத் தெரியும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் கோணம் தவறு. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழவழப்பும் எதிர்த்திசையில் ரம்பம் போன்ற சொரசொரப்பும் தெரிந்தால் அது டோ அளவின் தவறு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணத்தின் தவறு. அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்திருந்தால் ஷாக் தேய்ந்து, சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரையே மாற்ற வேண்டியதுதான்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி சமமாக நிற்காது. ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போதே மேலே உள்ள மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். ஸ்பிரிங் நூற்றுக்கணக்கான கிலோ பாரத்தில் அழுத்தப்பட்டிருக்கிறது. கம்ப்ரஸர் கருவி போடாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் அது பாய்ந்து உயிரையே எடுத்துவிடும்.

பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் லோயர் ஆர்ம் புஷ்ஷில் இருக்கிறது. வண்டி லிஃப்டில் தூக்கியபடி இருக்க, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்மின் போல்டுகளை இறுக்கிவிடுவார்கள். புஷ்ஷின் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும், சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். “போன வருஷம்தான் மாத்தினேன், மறுபடி சத்தம்” என்பவர்களில் பலரின் கதை இதுவாக இருக்கலாம். போல்டுகளைக் கையால் மட்டும் போட்டு, சக்கரத்தில் வண்டியின் பாரம் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் இதை மரியாதையாகக் கேளுங்கள்; தெரிந்தவர் சந்தோஷப்படுவார்.

டை ராட் எண்டை மாற்றும்போது பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதைப் போட்டால், அலைன்மென்ட் கடை வரை வண்டியை ஓட்டிச் செல்லும் அளவுக்கு நேராக இருக்கும். ஸ்பிளிட் பின் வகை நட்டு என்றால் புதுப் பின் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடக் கூடாது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் நட்டே புதிதாக இருக்க வேண்டும்.

பாகம் வாங்கும் இடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமம் ஸ்டீயரிங் கியரும் பால் ஜாயின்டும் டை ராட் எண்டும் தயாரிக்கிறது. நல்ல பாகத்துக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பழைய கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய பால் ஜாயின்டும் பழைய ஷாக்கும் வாங்கக் கூடாது. வண்டி தாழ்ந்துவிட்டது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தளர்ந்த ஸ்பிரிங்கை அவை சரிசெய்வதில்லை, அதிர்ச்சியை மட்டும் மவுண்டுக்கும் பாடிக்கும் தள்ளிவிடுகின்றன.

இதெல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட். பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் திருத்தக்கூடியது டோ மட்டுமே. கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சு முன்னும் பின்னும் சாயும் கோணம்) கம்பெனியில் வைத்தபடிதான். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள். கேம்பர் சிவப்பில் நின்றால் லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது, அல்லது புஷ் போயிருக்கிறது என்று பொருள். அதை முட்டி வளைத்துச் சரிசெய்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள புதிய கார்களில் ஸ்டீயரிங் கோண சென்சாரையும் ஸ்கேனர் வைத்து மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் துரு உரிகிறதா என்று சர்வீஸின்போதெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்; உப்புக்காற்றில் அது அங்கேதான் ஒடியும். வெள்ளத்தில் அச்சு வரை மூழ்கி எழுந்த வண்டியில் வீல் பேரிங்குகளையும் ரேக்கின் ரப்பர் உறைகளையும் சோதிக்காமல் நெடுந்தூரம் போகக் கூடாது.

லிங்க் ராட் சத்தத்தோடு ஒரு மாதம் ஓட்டலாம், காது மட்டும்தான் வலிக்கும். தேய்ந்த ஷாக்கோடு ஓட்டினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஆகவே சீக்கிரம் மாற்றுங்கள். பால் ஜாயின்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் என்று தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவை கழன்றால் சக்கரம் தன்னிஷ்டத்துக்கு மடங்கிவிடும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கைகொடுக்காது. அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். ஆட்டம் அதிகம் என்றால் பட்டறைக்கே மீட்பு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.